‘திருத்தப்பட்டது’ என்று திரை சொன்னது



நீங்கள் கொடுத்த காணிக்கையினால் வாங்கிய கணினிகள் எப்படிப் பயன்படுகின்றன என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நன்றாகவே பயன்படுகின்றன என்று இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணினிகளில் ஒரு தவறும் நடந்தது. அதனால் ஒரு தாய் துன்பப்பட்டார். குற்றமில்லாத ஒரு சகோதரி கண்ணீர் விட்டார். நல்ல செய்தியை மட்டும் எழுதி இதை மறைத்தால் உங்கள் நம்பிக்கைக்கு நாங்கள் துரோகம் செய்தவர்களாவோம். ஆகவே நடந்ததையும், அது ஏன் நடந்தது என்பதையும், இப்போது எப்படிச் சரிசெய்திருக்கிறோம் என்பதையும் எங்களுக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம். எங்களில் கணினி படித்தவர்கள் இல்லை. சென்னையிலிருந்து ஓய்வு நாட்களில் வந்து உதவிய ஒரு வாலிபத் தம்பி, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நடந்தது என்ன?

ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சர்க்கரை நோயுள்ள ஒரு வயதான தாய் காலில் புண்ணோடு வந்தார். புண்ணிலிருந்து சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லி அனுப்பினோம். போகும்போது அந்தத் தாய் பதிவு ஜன்னலில், “மகன் நம்பர் மாறிப்போச்சும்மா, புதுசை எழுதிக்கோ” என்று சொல்லிப் போனார். அங்கே வேலை செய்யும் சகோதரி அப்போதே எண்ணைத் திருத்தினார். ‘திருத்தப்பட்டது’ என்று திரையிலும் பச்சை எழுத்தில் வந்தது.

பரிசோதனை முடிவு வந்தபோது செவிலியர் கணினியைப் பார்த்து அழைத்தார். அங்கே இருந்தது பழைய எண். யாரும் எடுக்கவில்லை. பல முறை அழைத்தும் பயனில்லை. மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் தாமாகவே வந்தபோது புண் ஆழமாகிவிட்டிருந்தது. இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

யார் தவறு என்று கேள்வி எழுந்தது. எண்ணைத் திருத்த மறந்துவிட்டு, திருத்தினேன் என்று சொல்வதாகச் சகோதரி மேல் பழி விழுந்தது. வெட்கத்தோடு ஒத்துக்கொள்ளுகிறோம்: நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சிற்றாலயத்தில் வந்து அழுதவரிடம், “அம்மா, மறதி மனிதருக்கு இயல்புதானே, ஒத்துக்கொண்டால் முடிந்துவிடும்” என்று புத்தி சொன்னோம். அவர் நிமிர்ந்து பார்த்து, “ஐயா, நான் திருத்தினேன். திரையே சொல்லிற்று” என்றார். கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கணினியில் எதைத் திருத்தினாலும் தேதி போட்டு அதில் எழுதிவைப்பது அவர் வழக்கம். அந்தத் தாயின் புதிய எண்ணும் அதில் இருந்தது.

அந்த நோட்டைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மூன்று திருத்தங்கள் கணினியில் ஏறாமலே இருந்தன. மற்றவை சரியாக ஏறியிருந்தன. சில ஏறுகின்றன, சில ஏறவில்லை. ஏறாதபோதும் பிழை என்று எந்தச் செய்தியும் இல்லை. கணினித் துறையில் இருப்பவர்களையே சோர வைக்கும் கோளாறு இப்படிப்பட்டதுதான் என்று அந்தத் தம்பி சொன்னார்.

கணினிப் பதிவேடு வேலை செய்யும் விதம்

நம் சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். கட்டங்கள் போட்ட பெரிய புத்தகம். ஒருவருக்கு ஒரு வரி. பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கணினியின் தரவுத்தளமும் ஏறக்குறைய இதுதான். எல்லாத் தகவலையும் இப்படி வரிகளும் கட்டங்களும் உள்ள அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கார் காட் என்ற கணித அறிஞர் 1970-ஆம் ஆண்டு எழுதினார். அந்த அட்டவணைகளோடு பேசுவதற்கு அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் 1974-இல் ஒரு மொழியை வெளியிட்டார்கள். இன்று அதற்கு எஸ்.கியூ.எல். என்று பெயர். வங்கி, இரயில் முன்பதிவு, ரேஷன் கடை என்று எங்கு பார்த்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் இம்மொழியே.

பதிவு ஜன்னலில் இருப்பவர் இந்த மொழியை எழுதுவதில்லை. அவர் முன்னால் இருப்பது இணையப் பக்கம் போன்ற ஒரு படிவம். அதில் புதிய எண்ணை அடித்து ‘சேமி’ என்பதை அழுத்துகிறார். நடுவில் இருக்கும் ஒரு நிரல் அவர் அடித்ததை எடுத்து, எஸ்.கியூ.எல். வாக்கியமாக மாற்றி, தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. ஜன்னலில் இருப்பவர் ஒன்று சொல்ல, நடுவில் இருப்பவர் அதை வேறு மொழியில் சொல்ல, உள்ளே இருப்பவர் கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொன்னால் பேசியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

திருத்தச் சொல்லும் வாக்கியத்துக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, எந்த அட்டவணை என்பது. இரண்டாவது, எந்தக் கட்டத்தில் என்ன புதிதாக எழுத வேண்டும் என்பது. மூன்றாவது, எந்த வரியில் என்பது. தமிழில் சொன்னால், ‘நோயாளர் அட்டவணையைத் திருத்து, தொலைபேசி எண்ணை இப்படி மாற்று, எந்த வரியில் நோயாளர் எண் 417 என்று இருக்கிறதோ அங்கே’ என்று வரும். இந்த மூன்றாம் பகுதியை ஆங்கிலத்தில் ‘எங்கே’ என்று பொருள்படும் ‘வேர்’ என்ற சொல் தொடங்கி வைக்கிறது. நம் மொழியில் அச்சொல்லுக்கு உள்ள பொருளும் இங்கே பொருந்தும். வேர் சரியாக இருந்தால்தான் செடி நிற்கும்.

அந்த ‘வேர்’ பகுதியை எழுத மறந்துவிட்டால் என்ன ஆகும்? கணினி, ‘எந்த வரி என்று சொல்லவில்லையே’ என்று திருப்பிக் கேட்காது. எல்லா வரிகளையும் மாற்றிவிடும். ஆயிரம் நோயாளருக்கும் ஒரே தொலைபேசி எண் ஏறிவிடும். அனுபவமுள்ளவர்களே ஒருமுறையாவது இப்படிச் செய்துவிட்டுத் தலையில் கை வைத்திருக்கிறார்களாம்.

எங்களுக்கு நடந்தது அதற்கு நேர் எதிரானது.

பிழை என்று சொல்லாத பிழை

எங்கள் நிரலில் ஒரு நோயாளரின் படிவத்தைத் திறக்க இரண்டு வழிகள் இருந்தன. ஓ.பி. சீட்டில் உள்ள எண்ணை அடித்துத் திறக்கலாம். சீட்டைக் கொண்டுவராதவர்களுக்குப் பெயரை அடித்துத் தேடித் திறக்கலாம். முதல் வழியில் திறந்தால் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் நோயாளர் எண் கூடவே வந்துவிடும். இரண்டாம் வழியில் அது வரவில்லை. எண்ணைச் சுமந்துவரும் இடத்துக்கு ஒரு பக்கத்தில் ஒரு பெயரும், அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் வேறொரு பெயரும் இருந்ததே காரணம். முன்பு யாரோ நிரலைத் திருத்தியபோது ஒரு பக்கத்தை மாற்றி மறுபக்கத்தை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே அந்தத் தாயின் எண்ணைத் திருத்தியபோது உள்ளே போன வாக்கியம், ‘எந்த வரியில் நோயாளர் எண் வெறுமையாக இருக்கிறதோ அங்கே மாற்று’ என்பது. அப்படி ஒரு வரியும் இல்லை. தரவுத்தளம் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. இது தரவுத்தளத்தின் கண்ணில் பிழையே அல்ல. ‘பிழை இல்லை, மாறிய வரிகள் 0’ என்று பதில் சொல்லிற்று. நடுவில் இருந்த நிரலோ ‘பிழை இல்லை’ என்ற பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, ‘0’ என்ற பாதியைக் கேளாமல், பச்சை எழுத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று போட்டுவிட்டது.

அன்பானவர்களே, இங்கே சற்று நின்று பாருங்கள். இயந்திரம் பொய் சொல்லவில்லை; சொன்ன உண்மையில் பாதியை நாம் வாங்கவில்லை. தரவுத்தளம் எத்தனை வரிகள் மாறின என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறது. அதைக் கேட்டு, ஒன்று என்று வந்தால் மட்டுமே ‘திருத்தப்பட்டது’ என்று நிரல் சொல்ல வேண்டும். பூஜ்யம் வந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் உடனே பின்வாங்க வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாங்கள் பயன்படுத்துவது மை எஸ்.கியூ.எல். என்ற இலவசத் தரவுத்தளம், 1995-இல் வெளிவந்தது. ஏற்கெனவே இருக்கும் எண்ணையே மறுபடியும் எழுதச் சொன்னாலும் அது வழக்கமாக ‘மாறிய வரிகள் 0’ என்றே சொல்லும். வரி கிடைத்தது, ஆனால் மாற்ற ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். ஆகையால் பூஜ்யத்தைக் கண்டவுடன் பயந்துவிடாமல், அந்த வரியை மறுபடி எடுத்து வாசித்துப் பார்ப்பதே உறுதியான வழி.

ஊரெல்லாம் அண்ணாமலை

எண் இல்லாவிட்டால் பெயரைக் கொண்டு வரியைத் தேடித் திருத்தக்கூடாதா என்று நாங்கள் கேட்டோம். தம்பி சிரித்துக்கொண்டே, “ஐயா, இந்த ஊரில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்?” என்றார். அண்ணாமலை, அருணாசலம், உண்ணாமலை என்ற பெயர்கள் திருவண்ணாமலையில் தெருவுக்குத் தெரு உண்டு. நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். ஆ. அண்ணாமலை என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள்! ‘எங்கே பெயர் அண்ணாமலையோ அங்கே மருந்தை மாற்று’ என்று ஒரு வாக்கியம் போனால் அத்தனை அண்ணாமலைக்கும் மருந்து மாறிவிடும்.

ஆகவேதான் ஒவ்வொருவருக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஓர் எண். நோயாளரை எண்ணாகப் பார்ப்பதா என்று முன்பு நாங்களே குறைப்பட்டதுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. ஒருவரை இன்னொருவராக எண்ணிவிடாமல் காப்பதும் அந்த எண்தான். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: 00417 என்று எழுத்தாக வைத்திருப்பதும் 417 என்று எண்ணாக வைத்திருப்பதும் கணினிக்கு வெவ்வேறாகத் தோன்றலாம். எண்ணுக்குப் பின்னால் தவறுதலாக விழுந்த ஓர் இடைவெளியும் சில வேளைகளில் வரியைக் கிடைக்காமல் செய்துவிடும்.

ஒரு சிறு குறி செய்யும் வேலை

கோளாறைத் தேடப் போன தம்பி வேறு சில பலவீனங்களையும் கண்டுபிடித்தார். டி’சூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வரும். எஸ்.கியூ.எல். மொழியில் அந்தக் குறி, ‘சொல் இத்துடன் முடிந்தது’ என்பதற்கு அடையாளம். ஆகவே டி என்பதோடு பெயர் முடிந்ததாகக் கணினி எடுத்துக்கொண்டு, மீதியைக் கட்டளை என்று வாசிக்கப் பார்த்து, புரியாமல் பிழை சொல்லும். அந்தக் குடும்பத்தாரின் முகவரியை மட்டும் திருத்தவே முடியாமல் போனது இதனால்தான்.

இது ஒரு குடும்பத்தின் சங்கடத்தோடு நிற்பதில்லை. படிவத்தில் அடிக்கும் எழுத்தைக் கணினி கட்டளையாக வாசிக்கும் என்றால், தீய நோக்கமுள்ளவன் பெயர் அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையையே அடித்து, நோயாளரின் இரகசியங்களையும் உங்கள் விலாசங்களையும் எடுத்துவிட முடியும். உலகமெங்கும் இணையத் தளங்கள் இந்த வழியில் கொள்ளையடிக்கப்பட்டிருக்கின்றன.

பரிகாரம் எளிது. வங்கிச் சலானை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட வார்த்தைகள் வேறு, நாம் நிரப்பும் கட்டம் வேறு. கட்டத்தில் நாம் எதை எழுதினாலும் அச்சிட்டது மாறாது. அதுபோல வாக்கியத்தை முதலில் காலி இடங்களோடு தரவுத்தளத்துக்குக் கொடுத்துவிட்டு, பெயரையும் எண்ணையும் பின்னால் தனியாகக் கொடுக்கும் முறை உண்டு. அப்போது காலி இடத்தில் வருவது எதுவானாலும் அது தகவலாகவே இருக்கும், கட்டளையாக மாறாது. எங்கள் நிரலில் எல்லா வாக்கியங்களையும் தம்பி இம்முறைக்கு மாற்றிக் கொடுத்தார்.

கேள்விக்குறிகளாய்ப் போன பெயர்கள்

பழைய ஆதரவாளர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கணினியில் அடித்த தமிழ் மற்றொன்றில் திறந்தால் கிறுக்கலாகத் தெரிந்த காலம் உண்டு. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துக்களுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்திருந்ததே காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் ஓர் ஒழுங்கு வரத் தொடங்கியது. இன்று உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் முறையில் தமிழுக்கும் நிலையான இடம் உண்டு.

ஆனாலும் அட்டவணையின் கட்டம் ஆங்கில எழுத்துக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், அதில் தமிழ்ப் பெயர் நுழையாது. பழைய அமைப்பில் மை எஸ்.கியூ.எல். அதைப் பிழை என்று நிறுத்தாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிடும். பின்னர் கட்டத்தைச் சரிசெய்தாலும் கேள்விக்குறி பெயராகத் திரும்பாது. பெயர் போனது போனதுதான். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து இப்படிப்பட்டதை ஏற்காமல் மறுப்பதே அதன் இயல்பான அமைப்பாயிற்று. மறுப்பு நமக்கு எரிச்சலாகத் தோன்றினாலும் அது நன்மைக்கே.

இடமும் போதாமல் போகலாம். அண்ணாமலை என்ற பெயர் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளியையும் துணைக்கால் போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அது எட்டு. வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிப்பதால் மொத்தம் 24 பைட். 20 பைட் மட்டும் ஒதுக்கிய கட்டத்தில் அண்ணாமலைக்கு இடமில்லை.

பௌர்ணமி இரவில் இரண்டு ஜன்னல்கள்

பௌர்ணமி தோறும் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்த இரவுகளில் பாதம் கொப்பளித்தவர்களும், மயங்கி விழுந்தவர்களும், மூச்சு வாங்கும் முதியவர்களும் வருவதால் இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைக்கிறோம். நீங்கள் தரும் ஏழை நோயாளர் நிதியிலிருந்து அங்கேயே தொகை ஒதுக்குகிறோம்.

நிதியில் 5,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜன்னல் அதை வாசித்து 800 கழித்து 4,200 என்று எழுதுகிறது. அதே வேளையில் இரண்டாம் ஜன்னலும் பழைய 5,000-ஐயே வாசித்து வைத்திருந்து, 1,200 கழித்து 3,800 என்று எழுதுகிறது. பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிடும். இருக்க வேண்டியது 3,000. கணக்கில் நிற்பது 3,800. பெட்டியில் 800 ரூபாய் குறையும். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வரும், எடுத்தவர் ஒருவருமில்லை.

இதற்கும் வழி உண்டு. மீதியை ஜன்னலில் கணக்கிட்டு எழுதாமல், ‘இப்போது இருப்பதில் 800 கழி’ என்று தரவுத்தளத்திடமே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அது ஒன்றன்பின் ஒன்றாகவே கழிக்கும். பல திருத்தங்கள் சேர்ந்தே நடக்க வேண்டுமானால் அவற்றை ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கலாம். எல்லாம் சரியானால் மட்டும் ‘கமிட்’ என்று முத்திரையிடுவது, ஒன்று தவறினாலும் ‘ரோல்பேக்’ என்று பழைய நிலைக்கே திரும்புவது. முத்திரையிட மறந்தால் திருத்தியவர் திரையில் மட்டும் புதியது தெரியும், மற்றவர்களுக்குப் பழையதே தெரியும். திருத்தம் காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்தில் நடந்த பெரும் அநியாயம்

இயந்திரத்தின் கணக்கை நம்பி மனிதரை நம்பாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் தபால் நிலையங்கள் சாட்சி. அங்கே 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணினி அமைப்பைப் புகுத்தினார்கள். கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டிற்று. ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று அவர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 2015 வரையில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க் கணக்கு என்ற குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் நம் தேசத்துப் பூர்வீகமுள்ளவர்களும் பலர். சிலர் சிறை சென்றார்கள், பலர் வீட்டை இழந்தார்கள், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள்.

2015-இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்ற ஊரில் வெளிப்பட்ட ஒரு கோளாறைக் கேளுங்கள். 8,000 பவுண்டு பணம் வந்து சேர்ந்ததைப் பதியும்போது திரை அசையாமல் நின்றுவிட்டது. பதியவில்லை என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலும் சத்தமில்லாமல் ஒரு 8,000 ஆகப் பதிந்தது. கணக்கில் 24,000 பவுண்டு இல்லாத பணம் ஏறிவிட்டது. எங்கள் திரை செய்யாததைச் செய்ததாகச் சொல்லிற்று. அந்தத் திரையோ செய்ததைச் சொல்லாமல் இருந்தது.

ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் ஹொரைசனில் கோளாறுகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தண்டனைகளை நீக்க 2024-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அதற்குள் இருபது ஆண்டுகள் போய்விட்டன. எங்கள் சகோதரியிடம் அந்த நோட்டு மட்டும் இல்லாதிருந்தால் நாங்களும் அந்த வழியில்தான் நடந்திருப்போம்.

இப்போது நாங்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு

திருத்தம் ஏறவில்லை என்று சந்தேகம் வந்தால் முதலாவது பொத்தானை மறுபடி அழுத்துவதில்லை. பிழைச் செய்தி இருந்தால் முழுவதும் வாசித்து எழுதிவைக்கிறோம். இரண்டாவது, நிரல் உண்மையில் அனுப்பிய வாக்கியம் என்ன என்று எடுத்துப் பார்க்கிறோம். நாம் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்பது வேறாக இருக்கலாம். மூன்றாவது, அதே ‘வேர்’ பகுதியை வைத்து, திருத்தாமல் வரிகளைக் காட்ட மட்டும் சொல்கிறோம்; ஒரே வரி வருகிறதா, அது சரியான ஆளுடையதா என்று பார்க்கிறோம். நான்காவது, நிரலில் எதை மாற்றினாலும் முதலில் ஒரு நகலில் சோதித்துப் பார்க்கிறோம். ஐந்தாவது, இரவுதோறும் பதிவேட்டின் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கிறோம். அந்தப் பிரதி திறக்கிறதா என்றும் அவ்வப்போது திறந்து பார்க்கிறோம்.

ஆறாவது ஒன்றும் உண்டு. அது சபைப் பதிவேட்டிலிருந்து வந்தது. இறையியல் கல்லூரியில் எங்களுக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், தவறாக எழுதியதைச் சுரண்டி அழிக்க விடமாட்டார். பழைய சொல் வாசிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். கணினியில் திருத்தம் என்பது, நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால், பழையதைச் சுவடில்லாமல் அழித்துவிடும். இதைத் தம்பியிடம் சொன்னபோது, நல்ல நிரல்களில் அப்படி ஒரு தனிப் பதிவேடு உண்டு என்று சொல்லி, எங்களுக்கும் அமைத்துக் கொடுத்தார். இப்போது பழைய எண் என்ன, புதிய எண் என்ன, யார், எந்நேரம் திருத்தினார் என்பதெல்லாம் அதில் நிற்கிறது. அந்தச் சகோதரி நோட்டில் செய்துவந்ததைத்தான் இப்போது கணினியும் செய்கிறது.

அவரிடம் எல்லோர் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டோம். பிழையைக் கண்டுபிடித்ததைவிட அது கடினமாக இருந்தது. அந்தத் தாயின் வீட்டுக்கும் போய், தவறு எங்களுடையது என்று சொன்னோம். புண் ஆறிவிட்டது; மெதுவாக நடக்கிறார். விரல்கள் போனது போனதுதான். “அந்தப் பிள்ளையை வேலையை விட்டு எடுத்துடாதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு விலாசம் மாறியிருக்கும். இரசீது வரவில்லை என்று சிலர் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கும் இந்தக் கோளாறு காரணமாக இருந்திருக்கலாம். புதிய விலாசத்தை ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். திருத்தியபின் பதிவேட்டில் இருப்பதை மறுபடி எடுத்து, அதில் உள்ளபடியே எழுதி உங்களுக்கு ஓர் அட்டை அனுப்புவோம். அந்த அட்டை உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால்தான் விலாசம் திருந்தியது என்று கணக்கு.


மருத்துவமனைப் போதகர் அலுவலகம்,
திருவண்ணாமலை.